இல்லைங்க மோகனசுந்தரம்

"அண்ணாச்சி, நம்ம மெசினு எப்ப வரும்?"

இடுக்கி மலையில் உள்ள சக்குபள்ளத்திலிருந்து பிச்சைமணி என்பவர் போனில் கேட்ட இந்தக் கேள்வியில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

மோகனசுந்தரம் மாட்டுத் தொட்டியில் புண்ணாக்குத் தண்ணி கலக்கிக்கொண்டிருந்தார். ஈரக்கையை வேட்டியில் துடைத்துவிட்டு, "எந்த மிசினுங்க?" என்றார்.

"தண்ணி பாக்குற மெசினுதான். தேங்கா சொல்லாத எடத்துலயும் மெசினு சொல்லும்னு வீடியோவுல நீங்கதான சொல்லுதீய? ஏலக்காத் தோட்டம் காஞ்சு கெடக்கு அண்ணாச்சி. அட்வான்ஸும் போட்டாச்சு. ஒருத்தனையும் காணோம்."

"நான் அப்படி எதுவும் சொல்லலீங்களே."

மறுமுனையில் சிரிப்பு. "வெளையாடாதீய. உங்க மூஞ்சி எனக்குத் தெரியாதா? நீங்க சொன்னதாலதான் நம்பிப் போட்டேன். வேற எவன் சொல்லியிருந்தாலும் போட்டிருக்க மாட்டேன்."

போனை வைத்ததும் மோகனசுந்தரம் வீட்டுக்குள் பார்த்துக் குரல் கொடுத்தார். "கௌசிகா! இங்க வா கண்ணு. நான் என்னமோ சொல்லியிருக்கறனாமா. என்னன்னு பாரு."

மலையாள எல்லையோரத்து எருத்தேன்பதி வட்டாரத்தில் மழை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். தோட்டத்துக்குத் தோட்டம் போர் போட்டு, அது வற்றி, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று போட்ட ஊர். போர் போடுவதற்கு முன் மோகனசுந்தரத்தைக் கூப்பிடுவார்கள். வெறும் வயிற்றோடு வருவார். செருப்பைக் கழற்றுவார். குடுமி வைத்த தேங்காயை உள்ளங்கையில் படுக்க வைத்துக்கொண்டு நிலத்தைக் குறுக்கும் நெடுக்கும் நடப்பார். நீரோட்டம் இருந்தால் படுத்த தேங்காய் எழுந்து நிற்கும். எப்படி நிற்கிறது என்று கேட்டால், "அது எனக்கே தெரியாதுங்க" என்பார். நிற்கவில்லை என்றால், "இல்லைங்க" என்று ஒரே வார்த்தை. காப்பி கூடக் குடிக்காமல் வண்டியை எடுத்துவிடுவார்.

தேங்காய் பார்க்கிறவர்கள் வேறு ஆட்களும் உண்டு. வந்த இடத்தில் வெறுங்கையோடு அனுப்ப மனசில்லாமல் ஏதாவது ஒரு மூலையில் சுண்ணாம்பால் அடையாளம் போட்டுவிட்டுப் போவார்கள். மோகனசுந்தரம் அப்படிச் செய்ததே இல்லை. 'இல்லைங்க மோகனசுந்தரம்' என்று ஊர் கிண்டலாக வைத்த பெயரே கடைசியில் அவர் பெயராகிவிட்டது.

இன்னொரு வழக்கமும் அவரிடம் உண்டு. ஒரு நிலத்தில் ஒரு தடவைதான் நடப்பார். கெஞ்சினாலும் மறு தடவை கிடையாது. "ரெண்டாவது தடவ தேங்காய் நடக்காதுங்க. ஆசைதான் நடக்கும்" என்பார். அவரிடம் ஒரே நிலத்துக்கு இரண்டாம் முறை கேட்பதே மரியாதைக் குறைவு என்று சுற்றுப்பட்டில் எல்லோருக்கும் தெரியும்.

கோயம்புத்தூரில் விளம்பரக் கம்பெனி வேலையிலிருந்த மகள் கௌசிகா, வீட்டிலிருந்தே வேலை என்று ஊருக்கு வந்த பிறகுதான் இதையெல்லாம் வீடியோ எடுக்க ஆரம்பித்தாள். வீடியோ போடும் பக்கத்துக்குப் பெயரே 'இல்லைங்க மோகனசுந்தரம்'தான்.

"உங்க பேருதாம்ப்பா பிராண்டு. ஒரே மாதிரி இருக்கறீங்க பாருங்க, அதுக்குத்தான் மதிப்பு."

"பிராண்டுன்னா டீத்தூளுக்கு வெக்கறதுதானே?" என்று சிரித்தார் அவர். ஆனால் ஒன்றே ஒன்றில் கண்டிப்பாக இருந்தார். அவர் இருக்கு என்று சொல்லி, தண்ணி வராமல் போன போர்களையும் வீடியோவாகப் போட வேண்டும். காய்ந்த குழாய்க்குப் பக்கத்தில் நின்று, "இது நான் தப்பாச் சொன்னதுங்க" என்று அவரே சொல்வார். கௌசிகா பயந்தாள். அந்த வீடியோக்களைத்தான் ஜனங்கள் அதிகம் பார்த்தார்கள். இடுக்கி மலை வரைக்கும் பெயர் போனது அப்படித்தான்.

இப்போது அந்தப் பெயரைத்தான் எவனோ எடுத்துக்கொண்டு போயிருந்தான்.

கௌசிகா போனில் அதைத் தேடிப் பிடித்தாள். அதே முகம், அதே பச்சைத் துண்டு, பின்னால் அவர்கள் தோப்பு. குரலும் அவர் குரல்தான். "வணக்கம் நண்பர்களே! தேங்காய் இல்லை என்று சொன்ன இடத்திலும் இந்தக் கருவி தண்ணீரைக் கண்டுபிடிக்கும். நானே பார்த்து அசந்துவிட்டேன்."

மோகனசுந்தரம் இரண்டு தடவை பார்த்தார். தன் முகம் தன்னிடம் கேட்காமல் சிரித்துக்கொண்டிருந்தது.

"நான் எப்ப நண்பர்களேன்னு சொன்னேன்?"

"உங்க பழைய வீடியோவ வெச்சே கம்ப்யூட்டர்ல பண்ணியிருக்கறாங்கப்பா."

"அழிச்சுப் போடு."

"நம்ம போட்டதா இருந்தா அழிக்கலாம்."

அன்றைக்கே மறுப்பு வீடியோ போட்டாள். செருப்பில்லாமல் தோப்பில் நின்று அவர் சொன்னார்: "அது நான் இல்லைங்க. எந்த மிசினும் எனக்குத் தெரியாதுங்க. யாரும் பணம் கட்ட வேண்டாங்க." கீழே வந்து விழுந்த பதில்களைக் கௌசிகா படிக்கப் படிக்க அவள் குரல் இறங்கியது. 'மிசின்காரன் காசு குடுக்கலியா மாமா?' என்று ஒருத்தன். 'ஏமாறாதீங்க, இதுதான் டூப்பு. ஒரிஜினல்ல எவ்வளவு சிரிச்ச முகமா இருக்காரு' என்று இன்னொருத்தன். அதற்கு நிறைய பேர் கைதட்டியிருந்தார்கள்.

போலீசில் புகார் கொடுத்தார்கள். அங்கிருந்த மலையாளி அதிகாரி நல்ல மனுஷன். உட்கார வைத்துக் கேட்டார், எழுதிக்கொண்டார். "வேற ஸ்டேட்டுல இருந்து போடறாங்க சேட்டா. ஒண்ணை எடுத்தா வேற பேர்ல இன்னொண்ணு வரும். கொஞ்சம் சமயம் எடுக்கும்" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மோகனசுந்தரம் மகளிடம், "விடு கண்ணு. நம்மளத் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்" என்றார். அது ஒன்றுதான் அவருக்கு அப்போது தைரியம். பார்க்காதவன் நம்பினால் நம்பட்டும். கூடவே இருக்கிறவர்கள் ஏமாற மாட்டார்கள்.

அந்தத் தைரியம் அந்த வாரம் முழுக்கக் கூட நிற்கவில்லை.

பக்கத்துத் தோட்டம் பொங்கியண்ணனுடையது. ஒரே வாய்க்காலில் இரண்டு தலைமுறையாகத் தண்ணீர் பாய்ச்சிய குடும்பங்கள். பொங்கியண்ணனின் நிலத்தில் மூன்று கோடைக்கு முன்னால் மோகனசுந்தரம் நடந்து, "இல்லைங்கண்ணா" என்று சொல்லியிருந்தார். அதிலிருந்து அந்த மனுஷன் போர் என்ற பேச்சையே எடுக்கவில்லை. டிராக்டரில் தண்ணி வாங்கி ஊற்றித் தென்னையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். பாதிக்கு மேல் மட்டை தொங்கிவிட்டது.

அந்தத் தோட்டத்திலிருந்து போர் வண்டிச் சத்தம் கேட்டது.

மோகனசுந்தரம் வரப்பு மேலேயே ஓடினார். அவர் போய்ச் சேரும்போது சத்தம் நின்றிருந்தது. தென்னை மட்டை, மாட்டுச் சாலை, கிணற்று மேடு எல்லாவற்றின் மேலும் வெள்ளைப் புழுதி. குழியிலிருந்து ஒரு சொட்டு ஈரம் வரவில்லை. வண்டிக்காரர்கள் ராடுகளைக் கழற்றி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மாட்டுச் சாலையில் மாடுகள் இல்லை.

"என்னண்ணா இது? என்னையக் கேக்காம?"

பொங்கியண்ணனின் மீசை, புருவமெல்லாம் வெள்ளை. "நீ சொல்லித்தானப்பா போட்டேன்."

"நானா?"

"மிசினக் கொண்டாந்து வெச்சுப் பாத்தாங்க. விளக்கு எரிஞ்சுது. தேங்காய் இல்லைன்னு சொன்ன எடத்துலயும் இருக்கும்னு நீதானே சொன்ன."

"அண்ணா! அது நான் இல்லைங்க! நானிருக்கற ஊடு நூறு அடி தள்ளி. ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்லீங்க?"

"எப்புடிக் கேக்கறது?" பொங்கியண்ணன் வாயிலிருந்த புழுதியைத் துப்பினார். "ஒரு தடவ சொன்ன எடத்துக்கு மறுக்கா உன்னக் கேக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதா? நீ வாய தொறந்து சொன்னத மாத்த மாட்ட. அதான் நேர்ல சொல்லச் சங்கடப்பட்டுட்டு வீடியோவுல சொல்லியிருக்கறன்னு நெனச்சேன்."

"நண்பர்களேன்னு நான் பேசுவனாண்ணா?"

"கம்பெனிக்காரன் அப்படிச் சொல்லச் சொல்லியிருப்பான்னு நெனச்சேன்."

மோகனசுந்தரம் குழி மேட்டில் உட்கார்ந்துவிட்டார். தன்னைத் தெரியாதவன் ஏமாந்திருந்தால் திட்டலாம். இந்த மனுஷன் தன்னை அணு அணுவாக அறிந்து வைத்திருந்து, அந்த அறிவினாலேயே ஏமாந்திருக்கிறார்.

பொங்கியண்ணனின் மனைவி வள்ளியாத்தாள் காலியான மாட்டுச் சாலையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். சாணி விழாத தரை அது; மாடுகளை விற்றுத்தான் போர் வண்டிக்குக் கொடுத்திருந்தார்கள்.

அதற்கப்புறம் பொங்கியண்ணன் வெளியே வரவில்லை. கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். ஒரு நாள் காலையில் வள்ளியாத்தாள் நேராக மோகனசுந்தரம் வீட்டு வாசலுக்கு வந்தாள். கௌசிகா கொடுத்த மோரைக் கையில் வாங்கிக்கொண்டாள், குடிக்கவில்லை.

"தம்பி, ஒருக்கா வந்து நடந்துடு."

"அக்கா..."

"அவரு சோறு திங்கறதில்ல. நீ வந்து நடந்தீன்னா எந்திரிச்சு உக்காருவாரு. இருந்தா இருக்குது, இல்லைன்னா இல்லை."

"ரெண்டாந் தடவ நடக்கறது என்ற பழக்கத்துல இல்லீங்கக்கா. உங்களுக்குத் தெரியாததா?"

வள்ளியாத்தாள் கோபப்படவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். "உன்ற பழக்கத்த மதிச்சுத்தான் தம்பி உன்னக் கேக்காம விட்டோம்."

மோர் டம்ளரைத் திண்ணையின் மேல் வைத்துவிட்டு நடந்துவிட்டாள்.

கௌசிகா முதலில் வேண்டாம் என்றாள். "நீங்க மறுக்கா நடந்தீங்கன்னா, பழசு தப்புன்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். அந்தத் திருட்டு வீடியோவும் அதத்தானே சொல்லுது?"

"நடக்காம இருந்தா?"

 அவளே வேறு ஒரு வழி சொன்னாள். "சரி, நடக்கலாம். ஆனா லைவ்ல நடக்கலாம். எல்லாரும் பாக்கட்டும். நீங்க நடப்பீங்க, தேங்காய் படுத்தே கெடக்கும், நீங்க எப்பவும் போல இல்லைங்கன்னு சொல்லுவீங்க. மிசின் பொய்யுன்னு ஊருக்கே தெரிஞ்சுரும். அதே ஆளு, அதே வார்த்த. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

மோகனசுந்தரம் மகளைப் பார்த்தார். கெட்டிக்காரப் பெண். அவள் சொன்னதில் அவருக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. ஆனால் நடக்கக் குறித்த நாள் காலையில் தேங்காயைத் தேர்ந்தெடுக்கவே அவருக்கு நேரம் பிடித்தது. வழக்கமாக முதலில் கைக்கு வருவதை எடுத்துக்கொள்வார்.

தோட்டத்தில் கூட்டம். பொங்கியண்ணன் எழுந்து வந்து கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தாடி முளைத்திருந்தது. போர் வண்டி ஏஜெண்ட் ரத்தினசாமியும் ஓரமாக நின்றிருந்தார். கௌசிகா போனை நீட்டிப் பிடித்து, "எல்லாரும் பாத்துட்டு இருக்கீங்க. அப்பா இப்ப நடக்கப் போறாங்க" என்றாள்.

மோகனசுந்தரம் செருப்பைக் கழற்றினார். தேங்காயைப் படுக்க வைத்தார். நடந்தார்.

முதல் வரிசை, ஒன்றுமில்லை. இரண்டாவது வரிசை, ஒன்றுமில்லை. காய்ந்த ஓலைகள் காலடியில் நொறுங்கின. மேற்கு வரிசையில் இன்னும் பச்சை மாறாத தென்னைகள் வீட்டை ஒட்டி நின்றன. டிராக்டர் தண்ணியை வள்ளியாத்தாள் குடத்தில் மொண்டு மொண்டு ஊற்றிக் காப்பாற்றியவை. அந்த நிழலுக்குள் போகும்போது அவர் ஒரு தப்பு செய்தார். தலையை நிமிர்த்திக் கட்டிலைப் பார்த்துவிட்டார்.

பொங்கியண்ணன் கும்பிட்டுக்கொண்டிருந்தார். சாமியைக் கும்பிடுகிற மாதிரி தேங்காயைப் பார்த்து.

தேங்காய் அசைந்தது. ஒரு பக்கம் சாய்ந்தது. குடுமி மேலே வந்தது. அப்படியே எழுந்து உள்ளங்கையில் நின்றது.

"நின்னுருச்சு!" என்று யாரோ கத்தினார்கள். கூட்டம் ஓடி வந்தது. வள்ளியாத்தாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். கௌசிகாவின் போனில் லைவ் ஓடிக்கொண்டேயிருந்தது. 

மோகனசுந்தரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ நிலத்தில் தேங்காய் எழுந்திருக்கிறது. அப்போதெல்லாம் கை காலியாக இருக்கிற மாதிரி ஒரு உணர்வு வரும். இப்போது கை கனத்தது. சுண்டு விரல் வளைந்திருந்தது. அதை அவர் வளைக்கவில்லை. ஆனால் வளைந்திருந்தது.

பேசாமல் நின்றால் போதும். ஊர் கொண்டாடும். பொங்கியண்ணன் சோறு தின்பார். ஒரு நிமிஷம், அவர் பேசாமல்தான் நின்றார்.

பிறகு சொன்னார். "இல்லைங்க."

"என்னது?"

"இல்லைங்கண்ணா. தேங்காய் எந்திரிக்கல. என்ற கைதான் எந்திரிக்க வெச்சுது. ஆசப்பட்டுருச்சு. இங்க தண்ணி இருக்குன்னு என்னால சொல்ல முடியாதுங்க."

 ரத்தினசாமி சிரித்தார். "ஏனுங்க, தேங்காய் இருக்குன்னு சொல்லுது. நீங்க இல்லைன்னு சொல்றீங்க. நாங்க யாரை நம்பறது?"

"என்னைய நம்புங்க."

"கண்ணால பாத்தத உட்டுட்டா?"

மோகனசுந்தரம் பொங்கியண்ணனிடம் போனார். குனிந்து, மெதுவாக, "அண்ணா, நான் பொய் சொல்லியிருக்கறனா இத்தன வருஷத்துல?" என்றார்.

பொங்கியண்ணன் பல நாளைக்கு அப்புறம் லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் கோபமில்லை, பாசம்தான் இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

"நீ பொய் சொல்ல மாட்ட மோகனா. ஆனா இல்லைன்னு சொல்லிச் சொல்லி உன்ற நாக்கு பழகிருச்சு. தேங்காய்க்கு அந்தப் பழக்கம் இல்ல பாரு."

வீட்டுக்கு வந்ததும் கௌசிகா போனை மேஜை மேல் போட்டாள். "லைவ்ல போனத எடுத்துடறேன்ப்பா."

"வேண்டாம். தப்பாப் போனதெல்லாம் வெச்சிருக்கறமில்ல? இதையும் வெய்யி."

"அப்பா, உங்களுக்குப் புரியல..."

"புரியுது கண்ணு. இன்னிக்கு ஒண்ண எடுத்தா, மிச்சத்த எதுக்கு வெச்சிருந்தோம்?"

அவள் எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் பிரயோஜனமில்லை. மதியத்துக்குள் மிசின்காரர்கள் அந்த வீடியோவை நறுக்கிப் போட்டுவிட்டார்கள். தேங்காய் எழுந்து நிற்பது வரைக்கும்தான் இருந்தது. அதற்குப் பின்னால் வந்த 'இல்லைங்க' இல்லை. மேலே கொட்டை எழுத்தில், 'முன்பு இல்லை என்றவரே இப்போது!' கௌசிகா முழு வீடியோவையும் திரும்பப் போட்டாள். அதைப் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர். பார்த்தவர்களும், 'பாவம், மனுஷன் குழம்பிட்டாரு' என்று எழுதினார்கள்.

சாயங்காலம் பிச்சைமணி கூப்பிட்டார். குரலில் குஷி. "பாத்தேன் அண்ணாச்சி! தேங்கா எந்திரிச்சிருச்சுல்லா! மெசினு சொன்னது சரிதான். மன்னிச்சிருங்க, அன்னைக்கு உங்களச் சந்தேகப்பட்டுட்டேன். பாக்கிப் பணத்தையும் கட்டிட்டேன்."

"பிச்சைமணி, கேளுங்க. கட்டாதீங்க. அது..."

"கட்டியாச்சு அண்ணாச்சி. நீங்க நல்லா இருக்கணும்."

போன் வைக்கப்பட்டது. மோகனசுந்தரம் திரும்பக் கூப்பிட்டார். லைன் கிடைக்கவில்லை. மலையில் சிக்னல் போயிருக்கும்.

இரண்டு நாள் கழித்துப் போர் வண்டி மறுபடியும் வந்தது. ரத்தினசாமிதான் ஏற்பாடு. வள்ளியாத்தாளின் கழுத்தில் தாலிக்கொடி இல்லை, மஞ்சள் கயிறுதான் இருந்தது. தேங்காய் நின்ற இடம் வீட்டை ஒட்டிய மேற்கு வரிசைக்குள். வண்டி அங்கே போக வேண்டுமானால் பாதை இல்லை. பச்சையாக நின்ற தென்னைகளை வெட்டினால்தான் வழி.

மோகனசுந்தரம் போகக்கூடாது என்றுதான் இருந்தார். மரம் அறுக்கிற மிசின் சத்தம் கேட்டதும் கால் நிற்கவில்லை.

"அண்ணா, காய்க்கிற மரங்க."

"தண்ணி வந்தா புதுசு வெச்சுக்கலாம்."

"வராதுண்ணா."

பொங்கியண்ணன் காதில் வாங்கவில்லை. அவருக்கு வேலை இருந்தது. முதல் மரத்தின் கழுத்தில் கயிறு கட்டியாகிவிட்டது. அடியில் வாள் பாதி தூரம் போய்விட்டது. மரம் தோப்புப் பக்கம் விழ வேண்டும். இந்தப் பக்கம் சாய்ந்தால் நேராக வீட்டு ஓட்டின் மேல். கயிற்றைப் பிடிக்க ஆள் போதவில்லை. வண்டிக்காரப் பையன்கள் ராடு இறக்கிக்கொண்டிருந்தார்கள். வள்ளியாத்தாள் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு கால் ஊன்ற முடியாமல் சறுக்கினாள்.

"மோகனா! நின்னு பாத்துட்டிருக்கறயே! வந்து கயித்தப் புடி!"

மரம் கிறீச்சிட்டது. உச்சியில் குலைகள் ஆடின. ஓட்டின் பக்கம் ஒரு சாண் சாய்ந்தது.

மோகனசுந்தரம் ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தார். செருப்பைக் கழற்றிவிட்டுக் குதிகாலை மண்ணில் பதித்துக்கொண்டார். இழுத்தார். அவர் உள்ளங்கையில் கயிறு அறுத்தது.

"இல்லைங்கண்ணா" என்றார், இழுத்துக்கொண்டே.

"நல்லா இழு!" என்றார் பொங்கியண்ணன்.